குரு இல்லாத ஊரில் அணையாத விளக்கு



ஆண்டுதோறும் சனவரி 16ஆம் நாள் நம் திருச்சபை புனித யோசேப் வாஸ் அடிகளாரின் விழாவைக் கொண்டாடுகிறது. இலங்கையின் திருத்தூதர் என்று நாம் போற்றும் இப்புனிதரின் வாழ்வு, குருக்களாகிய எங்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு பாடமாக இருக்கிறது.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் உள்ள பெனோலிம் என்ற ஊரில் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவாவிலும் கனரா பகுதியிலும் பணியாற்றிய அவருடைய உள்ளம் இலங்கையை நாடியது. அங்கே ஆயனில்லா ஆடுகளாய் மக்கள் தவிப்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். கோவில்கள் பறிபோயின. ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலி இல்லை, ஒப்புரவு அருட்சாதனம் இல்லை. ஆயினும் விசுவாசம் அழியவில்லை. கதவை அடைத்துக்கொண்டு செபமாலை சொன்ன குடும்பங்கள் இருந்தன. பெற்றோர் தாங்கள் கற்ற செபங்களைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்த மக்களைத் தேடி அடிகளார் 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்ற பணியாளர் மட்டுமே அவருக்குத் துணை. நம் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் படகேறி, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். பயணத்தின் களைப்பும் வயிற்றுப்போக்கும் அவரை வீழ்த்தின. தொற்றுநோய் என்று அஞ்சி மற்றவர்கள் விலகி நின்றபோது, இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சியே அவரைக் காப்பாற்றியது.

கத்தோலிக்கர் யார் என்று அவருக்குத் தெரியாது, கேட்டால் காட்டிக்கொடுக்கப்படலாம். எனவே அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். ஒரு குடும்பத்தினர் அதை அன்போடு நோக்கினார்கள். மெல்லப் பேச்சுக் கொடுத்து, அவர்கள் ஒரு குருவுக்காக ஏங்குவதை அறிந்தபின், தாமே குரு என்று வெளிப்படுத்தினார். ஒரு செபமாலை வழியாக மந்தையும் ஆயனும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் திருப்பலி, பகலில் மறைவிடம் என்று நாள்கள் சென்றன. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டிற்குக் கூடிய சுமார் 300 பேர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் சிலர் சிறையிலேயே உயிர்துறந்தார்கள். கத்தோலிக்க விசுவாசத்திற்காக அம்மக்கள் கொடுத்த விலை அது.

பின்னர் அடிகளார் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். போர்த்துக்கீசிய உளவாளி என்ற பொய்க் குற்றச்சாட்டின் பேரில் சிறைவைக்கப்பட்டார். சிறையிலேயே குடிசைக் கோவில் ஒன்றை எழுப்பி, மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களைத் தம்மிடம் ஈர்த்தார். நாளடைவில் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருடைய தூய வாழ்வைக் கண்டு, தம் நாட்டில் சுதந்திரமாகப் பணியாற்ற அனுமதி தந்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அஞ்சிய பலர் நகரை விட்டு ஓடினர். அடிகளாரோ கைவிடப்பட்ட நோயாளிகளை மதம் பாராமல் பேணினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார்.

இவ்வளவு பெரிய தீவில் தாம் ஒருவரே எல்லா இடத்திலும் இருக்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிற குருக்கள் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த பிறகும் ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் சில நாள்களே குருவின் பணி கிடைத்தது. ஆகவே ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமார்களையும் பொறுப்பில் அமர்த்தினார். நம் ஊர்களில் உபதேசியார் செய்த பணியைப் போன்றது அது. செபங்களை முன்னின்று சொல்வது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தருவது, நோயாளிகளைச் சந்திப்பது, சாவின் தறுவாயில் இருப்பவர்களுக்குத் துணை நிற்பது எல்லாம் இப்பொதுநிலையினரின் கடமை. மக்கள் தங்கள் மொழியில் மறையுண்மைகளை அறியவேண்டும் என்று அவர் தமிழும் சிங்களமும் கற்றார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அந்த இரு மொழிகளிலும் நூல்கள் பல எழுதி அப்பணியைத் தொடர்ந்தார்.

உழைத்துத் தேய்ந்த உடலோடு 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் யோசேப் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் அவருக்கு அருளாளர் பட்டமும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் புனிதர் பட்டமும் வழங்கினார்கள்.

அன்பர்களே, நம்மில் பலருக்குக் கோவில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது, அன்பியம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் மாலைச் செபம் இருக்கிறதா? பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுத்தருவதைக்கூட ஞாயிறு வகுப்பு ஆசிரியரிடம் விட்டுவிடுகிறோம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நம் கோவில்கள் மூடப்பட்டபோது சில வீடுகள் சிறு கோவில்களாயின. சில வீடுகளிலோ தொலைக்காட்சித் திருப்பலி முடிந்ததும் செபமும் முடிந்தது. சில மாதங்களே நமக்குப் பாரமாய் இருந்தன என்றால், முப்பது ஆண்டுகள் நம் வீடு தாங்குமா?

யோசேப் வாஸ் அடிகளார் அன்று தேடியது பெரிய ஆலயத்தை அல்ல, செபமாலையை அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு குடும்பத்தை. இன்று மாலை அவர் நம் வாசலில் வந்து நின்றால், நம் பிள்ளைகள் அந்தச் செபமாலையைப் பார்த்து என்ன செய்வார்கள்? அதற்கான விடையை இன்றைய இரவுச் செபத்திலிருந்தே நாம் எழுதத் தொடங்குவோம்.