திருந்திய பிறகும் ஏன் சோதனை விடவில்லை? புனித அகஸ்டின் கதை

2025 மே மாதம் போப் ஆகத் தேர்வான பதினான்காம் லியோ, வாட்டிகன் மாடத்தில் நின்று பேசிய முதல் உரையிலேயே தன்னைப் புனித அகஸ்டினின் மகன் என்று சொல்லிக்கொண்டார். அவர் இருப்பது அகஸ்டின் பெயரில் இயங்கும் துறவற சபை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அகுஸ்தினார் என்று அழைக்கும் அதே அகஸ்டின்தான்.

அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை சிம்பிள். ஜாலியாகச் சுற்றினார், ஒருநாள் பைபிளைத் திறந்தார், திருந்தினார், புனிதர் ஆனார். அவ்வளவுதான். ஆனால், அவரே எழுதிவைத்துவிட்டுப் போன கதை இப்படி இல்லை.

யார் இவர்?

கி.பி. 354-ல் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது அந்த ஊர். அன்று ரோமப் பேரரசின் பகுதி. அம்மா மோனிக்கா தீவிர கிறிஸ்தவர். அப்பா பத்ரீசியஸ் பழைய ரோமானிய வழிபாட்டைச் சேர்ந்தவர், கொஞ்சம் நிலம் உண்டு, கையில் காசு இல்லை. பீஸ் கட்ட வழியில்லாமல் 16 வயதில் ஒரு வருடம் படிப்பு நின்றுபோனது. அந்த வருடம்தான் நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசிக்காக இல்லை. வீட்டிலேயே இதைவிட நல்ல பழம் இருந்தது. திருடியதைப் பன்றிகளுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். நாற்பதைத் தாண்டிய பிறகு இந்தத் திருட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார் அகஸ்டின். தேவைக்காகச் செய்த தப்பை அவரால் புரிந்துகொள்ள முடிந்தது. தப்பு என்பதற்காகவே செய்த தப்புதான் அவரைத் தொந்தரவு செய்தது.

கார்தேஜும் காதலும்

ஊர்க்காரர் ஒருவர் பணம் கொடுக்க, மேற்படிப்புக்காகக் கார்தேஜ் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தார். இன்றைய மொழியில் லிவ்-இன். அன்றைய ரோமானியச் சமூகத்தில் இது சகஜம்தான். ஒரு மகன் பிறந்தான். கடவுள் கொடுத்தவன் என்ற அர்த்தத்தில் அடியோடேட்டஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இதே காலத்தில் அவரை இழுத்தது மானிகேயம் என்ற மதம். பாரசீகத்தைச் சேர்ந்த மானி என்பவர் தொடங்கியது. உலகமே ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர், மனிதனுக்குள் இரண்டும் இருக்கின்றன என்பது அதன் அடிப்படை. இதில் ஒரு வசதி இருந்தது. தப்பு செய்வது நானல்ல, எனக்குள் இருக்கும் இருள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சுமார் ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்துவிட்டு, பழியை வேறு எதன் மீதோ போடுவது தனக்குச் சுகமாக இருந்தது என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

383-ல் ரோம். அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாகக் கப்பல் ஏறினார். ரோமில் மாணவர்கள் பீஸ் கொடுக்க வேண்டிய நேரத்தில் வேறு வாத்தியாரிடம் ஓடிவிடுவார்களாம். அடுத்த வருடமே பேரரசர் தங்கியிருந்த மிலன் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியர் வேலை கிடைத்தது. செம போஸ்டிங். இன்னும் கொஞ்சம் முயன்றால் ஆளுநர் பதவிகூடக் கிடைத்திருக்கும்.

அதற்குத் தடையாக நின்றது வீட்டில் இருந்த பெண். அந்தஸ்தில் குறைந்தவர் என்பதால் சட்டப்படி மணக்க முடியாத நிலை என்பதே பொதுவான கணிப்பு. மோனிக்கா வசதியான இடத்தில் பெண் பார்த்தார். நிச்சயிக்கப்பட்ட சிறுமிக்குச் சட்டப்படியான திருமண வயது வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அன்று பெண்களுக்கு அந்த வயது 12! ஒன்றரைப் பத்தாண்டு போல உடன் வாழ்ந்தவர், இனி வேறு ஆணோடு வாழ மாட்டேன் என்று சபதம் செய்து, மகனை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். அகஸ்டின் என்ன செய்தார்? இரண்டு வருடம் காத்திருக்க முடியாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்.

தன் பாவங்களை இவ்வளவு விரிவாக எழுதியவர், அந்த முதல் பெண்ணின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

தோட்டத்தில் என்ன நடந்தது?

மிலன் பிஷப் அம்புரோஸின் பிரசங்கங்கள் கிறிஸ்தவம் பற்றிய அவரது அறிவுச் சந்தேகங்களைத் தீர்த்துவைத்தன. மனசு சம்மதித்துவிட்டது. ஆனாலும் நகர முடியவில்லை. ஆசைக்கு இடம் கொடுத்தால் அது பழக்கம் ஆகிறது, பழக்கத்தைத் தடுக்காவிட்டால் அதுவே கட்டாயம் ஆகிறது என்று இந்த நிலையை விளக்கினார். கையைத் தூக்கு என்று மனம் சொன்னால் கை தூக்குகிறது. மாறு என்று மனம் தனக்குத் தானே சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறதே என்பது அவர் தவிப்பு. ராத்திரி 2 மணிக்குப் போனைக் கீழே வைக்க நினைத்தும் முடியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளம் வயதில் காமத்திலிருந்து விடுதலை கேட்டு ஜெபித்தபோதே, கடவுள் அதை உடனே கொடுத்துவிடுவாரோ என்று பயந்ததையும் மறைக்கவில்லை.

386 ஆகஸ்ட். வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் துறந்த எகிப்தியத் துறவி அந்தோணியாரைப் பற்றியும், அந்தக் கதையைப் படித்த உடனே அரசு வேலையை விட்ட இரண்டு அதிகாரிகளைப் பற்றியும் சொன்னார். படிக்காதவர்களால் முடிந்தது நம்மால் முடியவில்லையே என்று உடைந்துபோனார் அகஸ்டின். தோட்டத்துக்கு ஓடி, அத்தி மரத்தடியில் விழுந்து அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்துப் படிக்கச் சொல்லி ஒரு குழந்தை பாடுவது போலக் குரல் கேட்டது. அதைக் கடவுளின் கட்டளையாக எடுத்துக்கொண்டு, பவுலின் கடிதங்களைத் திறந்தார். குடியையும் காமத்தையும் சண்டையையும் விட்டுவிட்டு கிறிஸ்துவை அணிந்துகொள்ளும்படி சொல்லும் பகுதி கண்ணில் பட்டது. மேலே படிக்கத் தேவைப்படவில்லை.

வேலையை விட்டார், கல்யாணத்தைக் கைவிட்டார். 387 ஈஸ்டர் இரவில் மகனோடு சேர்ந்து அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு ஊர் திரும்பும் வழியில் மோனிக்கா இறந்தார். சில ஆண்டுகளில், இருபது வயதைக்கூட எட்டாமல் மகனும் போய்விட்டான்.

அப்புறம் என்ன ஆச்சு?

391-ல் ஹிப்போ நகருக்குப் போனவரை மக்கள் பிடித்து வைத்துக் குருவாக்கினார்கள். அழுதுகொண்டேதான் ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளில் பிஷப். அந்தப் பதவியில் இருந்தபடிதான் 397 வாக்கில் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலை எழுதத் தொடங்கினார். 13 பாகங்கள். அதில் பத்தாவது பாகம்தான் இன்று படித்தாலும் தூக்கிப்போடும்.

ஞானஸ்நானம் முடிந்து பத்து வருடம் ஆகிறது. பிஷப் ஆகிவிட்டார். இப்போது தன் நிலைமை என்ன என்று பட்டியல் போடுகிறார். பழைய காட்சிகள் கனவில் வருகின்றன. சாப்பாட்டில் பசி எங்கே முடிகிறது, ருசி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கோயிலில் பாட்டின் பொருளைவிட ராகம் பிடித்துப்போகிறது. பல்லி ஈ பிடிப்பதைப் பார்த்தால் ஜெபம் மறந்து வேடிக்கை பார்க்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்கள் பாராட்டினால் பிடிக்கிறது. பாராட்டை வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு பெருமை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்.

அப்படியானால் விடுதலை எங்கே? அகஸ்டினைப் பொறுத்தவரை அது சோதனை வராமல் இருப்பதில் இல்லை. எதை நேசிக்கிறோம் என்பது மாறுவதில் இருக்கிறது. அந்த மாற்றத்தையும் மனிதன் சொந்த பலத்தில் சாதிக்க முடியாது, கடவுளின் கிருபையாகத்தான் கிடைக்கும். அதனால்தான் கடவுள் கேட்பதைச் செய்யும் வலிமையையும் கடவுளிடமே கேட்டு ஜெபித்தார்.

இந்த ஜெபம் ரோமில் ஒருவருக்குக் கடுங்கோபம் வரவைத்தது. பிரிட்டனிலிருந்து வந்த துறவி பெலாஜியஸ். எல்லாம் கடவுள் பொறுப்பு என்றால் மனிதன் எதற்கு முயற்சி செய்யப்போகிறான் என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் சபை அகஸ்டின் பக்கம் நின்றது. 418-ல் கார்தேஜ் ஆலோசனைச் சங்கம் பெலாஜியஸின் போதனையை நிராகரித்தது. இந்தச் சண்டையில் அகஸ்டின் போன தூரமும் அதிகம். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்குக்கூடத் தண்டனை உண்டு என்றார், அது லேசானதாக இருக்கும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். பிரிந்துபோன டோனட்டிஸ்ட் கிறிஸ்தவர்களைத் திரும்பக் கொண்டுவர அரசு வற்புறுத்துவதையும் ஆதரித்தார். தன் பலவீனத்தை அவ்வளவு அறிந்தவரிடம் இந்தக் கடுமை உறுத்தவே செய்கிறது.

430-ல் வேண்டல் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டன. மூன்றாவது மாதத்தில் அகஸ்டின் காய்ச்சலில் படுத்தார். மனந்திரும்புதலைப் பற்றிய தாவீதின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார். சாவதற்கு முந்தைய சுமார் பத்து நாட்கள், மருத்துவர் வரும்போதும் சாப்பாடு வரும்போதும் தவிர யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுக்கையிலிருந்தே அவற்றைப் படித்துப் படித்து அழுதுகொண்டிருந்தார் என்று அவருடைய நண்பரும் சக பிஷப்புமான பொசிடியஸ் பதிவு செய்திருக்கிறார். ஆகஸ்ட் 28 அன்று உயிர் பிரிந்தது. வயது 75. உயில் எதுவும் எழுதவில்லை, எழுத சொத்தும் இல்லை. புத்தகங்களை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.