நிரப்பப்படாத இடம்: ஜார்ஜ் பெரெக்

தன் வாழ்வையே பொருளாகக் கொண்டு, உண்மையும் புனைவும் விரவ எழுதுவதைத் தன்புனைவு என்கிறோம். செர்ஜ் துப்ரோவ்ஸ்கி என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1977ஆம் ஆண்டில் இவ்வகைக்குப் பெயரிட்டார். அதற்கு ஈராண்டு முன்னரே அதற்கோர் அரிய சான்றினைப் படைத்தவர் ஜார்ஜ் பெரெக். எந்திரமும் இலக்கியமும் கூடும் இடத்தையும் அவர் ஆராய்ந்தார். செயற்கை நுண்ணறிவு கவிதை புனையும் இந்நாளில் அவர் வரலாறு நாம் அறியத்தக்கது.

பெரெக் 1936 மார்ச் 7ஆம் நாள் பாரிசில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்த தந்தை 1940 ஜூனில் போர்க்காயத்தால் மாண்டார். தாய், மகனைச் செஞ்சிலுவைச் சங்கத் தொடர்வண்டியில் மலைநாட்டிற்கு அனுப்பிவிட்டுத் தாம் பாரிசிலேயே தங்கினார். 1943 பிப்ரவரி 11ஆம் நாள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமிற்கு ஏற்றிச் சென்றனர். அவருக்குக் கல்லறை இல்லை. அரசு பின்னர் அளித்த ஆவணம் காணாமற்போனவர் என்றே குறித்தது. பெரெக் அத்தையின் வீட்டில் வளர்ந்தார். 1961 முதல் நரம்பியல் ஆய்வகமொன்றில் ஆவணக் காப்பாளராகப் பணிபுரிந்தார்.

1967இல், கணித விதிகளைக் கொண்டு இலக்கியம் படைக்க முயன்ற ஊலிப்போ குழுவில் இணைந்தார். மறு ஆண்டு அவர் எழுதிய எந்திரம் என்னும் வானொலி நாடகம் ஜெர்மனியில் ஒலிபரப்பாயிற்று. கணிப்பொறி ஒன்று கதேயின் எட்டடிப் பாடலைப் பிரித்தும் மாற்றியும் ஆராய்வதாக அமைந்தது அந்நாடகம். 1969இல் காணாமற்போதல் என்னும் நாவல் வந்தது. நம் நிரோட்டகப் புலவர் இதழ் குவிந்தும் ஒட்டியும் பிறக்கும் ஒலிகளை விலக்கிப் பாடினர். பெரெக், பிரெஞ்சில் மிகுதியாக வழங்கும் ஐந்தாம் எழுத்தை முற்றும் விலக்கினார். அவ்வெழுத்தின்றித் தந்தை, தாய் என்னும் சொற்களையோ தம் பெயரையோ அம்மொழியில் எழுத இயலாது. விளையாட்டெனத் தோன்றிய விதிக்குள் ஓர் இழப்பு உறைந்திருந்தது.

1975இல் வெளிவந்த டபிள்யூ அல்லது சிறுபருவ நினைவு என்னும் நூலில், தீவொன்றின் கற்பனைக் கதையும் தன்வரலாறும் மாறிமாறி வருகின்றன. பிரிவு நாளில் தம் கை கட்டுப்போட்டுத் தொங்கியதாக அவருக்கு நினைவு. அத்தையோ அப்படியொரு கட்டே இல்லை என்றார். பெரெக் இரண்டையும் எழுதினார். பெற்றோரைப் பற்றித் தாம் முன்னர் எழுதியிருந்ததை அவ்வாறே வைத்து, அதன் பிழைகளைக் குறிப்புகளில் சுட்டினார். நூலின் நடுவே ஒரு பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள் மட்டுமே உள்ளன.

1978இல் வந்த வாழ்க்கை: பயன்படுத்தும் முறை என்னும் 99 அதிகார நாவல் மெதிசி பரிசு பெற்றது. 1982 மார்ச் 3ஆம் நாள், 46 அகவை நிறைய நான்கு நாள்கள் இருக்க, புற்றுநோயால் மறைந்தார்.

விதியை இன்று எந்திரமும் பின்பற்ற முயலும். ஒரு சிறுவனின் பிரிவை எழுதப் பணித்தால் தொடர்வண்டியையும் கைக்கட்டையும் கண்ணீரையும் நொடியில் தரும். ஆயின், அப்படியொரு கட்டே இல்லை என்று மறுக்க அதற்கோர் அத்தை இல்லை. இடைவெளி கண்டால் இசைவான சொல்லால் நிரப்புவது அதன் இயல்பு. நிரப்பலாகாத இடத்தை நிரப்பாது விட்டது பெரெக்கின் அறம். எந்திரத்தின் துணையை நாடும் கவிஞர், தேடவும் தொகுக்கவும் அதனைக் கொள்ளலாம். தம் வாழ்வில் தமக்கே தெரியாத பக்கத்தை மட்டும் அதனிடம் ஒப்படைத்தல் தகாது. அங்கே மூன்று புள்ளிகள் போதும்.