ஒரே கூரையின் கீழ்: புனித பெனடிக்ட் காட்டும் வழி

ஒரே கூரையின் கீழ் பலர் சேர்ந்து வாழ்வது எளிதன்று. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். துறவற இல்லங்களில் வாழ்பவர்களுக்கும் தெரியும். ஆலயத்தில் அருகருகே முழந்தாளிடும் நாம், வீட்டுக்கு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுகிறோம். ஜூலை 11ஆம் நாள் திருச்சபை நினைவுகூரும் புனித பெனடிக்ட் இந்தக் கசப்பை நன்கு அறிந்தவர். நம்மிடையே ஆசீர்வாதப்பர் என்றும் அழைக்கப்படும் இவர், சேர்ந்து வாழும் துறவிகளுக்கென விதிநூல் ஒன்றை எழுதினார். அதற்கு முன்பு, சேர்ந்து வாழ முயன்று தோற்றும் போனார்.

இத்தாலியின் நூர்சியா நகரில் ஏறக்குறைய 480ஆம் ஆண்டில் பிறந்தார் பெனடிக்ட். படிப்பதற்காக உரோமைக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கிருந்த ஒழுக்கக்கேட்டைக் கண்டு வெறுத்துப் படிப்பைப் பாதியில் விட்டார். சுபியாக்கோ மலைக் குகையில் மூன்று ஆண்டுகள் தனிமையில் தவம் செய்தார். உரோமானுஸ் என்னும் துறவி தம் உணவில் மிச்சம் பிடித்த அப்பத்தைக் கயிற்றில் கட்டிக் குகைக்கு இறக்குவார். அந்தக் கயிறு ஒன்றே அவருக்கும் மனிதருக்கும் இடையே இருந்த தொடர்பு.

அருகிலிருந்த மடம் ஒன்றின் தலைவர் இறந்தபோது, அங்கிருந்த துறவிகள் பெனடிக்டை வந்து வற்புறுத்தி அழைத்தார்கள். உங்கள் வழியும் என் வழியும் ஒத்துப்போகாது என்று அவர் எச்சரித்தும் கேட்கவில்லை. அவர் போனார். ஒழுங்கைக் கேட்டார். அவர்களால் தாங்க முடியவில்லை. அழைத்தவர்களே ஒருநாள் திராட்சை இரசத்தில் நஞ்சு கலந்து அவர்முன் வைத்தார்கள். அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் பாத்திரம் உடைந்து சிதறியதாகத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் எழுதிவைத்துள்ளார். பெனடிக்ட் கோபப்படவில்லை. இறைவன் உங்களை மன்னிப்பாராக, உங்களுக்கு ஏற்ற தலைவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குகைக்குத் திரும்பினார்.

மனிதர்களே வேண்டாம் என்று அவர் அங்கேயே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தம்மைத் தேடி வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. மடத்துக்குப் பன்னிரண்டு பேர் வீதம் 12 மடங்களை அங்கே நிறுவினார். பின்னர் 529ஆம் ஆண்டளவில் மோந்தே காசினோ மலைக்குச் சென்று, அங்கே புகழ்பெற்ற மடத்தை எழுப்பினார்.

அங்கே அவர் நிறைவு செய்த விதிநூலில் 73 அதிகாரங்கள் உள்ளன. நஞ்சை நேரில் கண்டவர் எழுதிய நூல் கடுமையாக இருக்கும் என்று நாம் நினைப்போம். ஆனால் பலவீனரையும் மனதில் வைத்தே அது எழுதப்பட்டிருக்கிறது. முக்கியமான காரியங்களில் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். வயதில் இளையவருக்கும் இறைவன் நல்லதை உணர்த்தலாம் அல்லவா? சமையலறைப் பணியை வாரம் ஒருவராக, முறைவைத்துச் செய்ய வேண்டும். நோயாளியையும் விருந்தினரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும். பொருள்களுக்குப் பொறுப்பானவர், கேட்டதைக் கொடுக்க முடியாதபோது ஒரு நல்ல வார்த்தையாவது சொல்ல வேண்டும். குறைவாகத் தேவைப்படுபவர் நன்றி கூறட்டும், அதிகம் தேவைப்படுபவர் தாழ்ச்சி கொள்ளட்டும் என்கிறார். முணுமுணுப்பை மட்டும் அவர் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். ஓர் இல்லத்தை உள்ளிருந்து அரிப்பது அதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மடத்தை விட்டுப் போனவர் தவற்றைத் திருத்திக்கொள்வதாகச் சொல்லித் திரும்பி வந்தால், மூன்று முறை வரை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். காலைச் செபத்திலும் மாலைச் செபத்திலும் இயேசு கற்பித்த செபத்தைத் தலைவர் எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும் என்கிறார். காரணம் என்ன தெரியுமா? சேர்ந்து வாழும் இடத்தில் முட்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். மற்றவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று இறைவனிடம் வாக்குக் கொடுக்கும்போது, அந்த முட்கள் அன்றாடம் பிடுங்கப்பட வேண்டும்.

ஏறக்குறைய 547ஆம் ஆண்டில், கடும் காய்ச்சலில் தளர்ந்துபோன பெனடிக்ட் தம்மைச் செபக்கூடத்திற்குத் தூக்கிச் செல்லும்படி கேட்டார். நற்கருணை உட்கொண்டார். தானாக நிற்க வலுவில்லை. சகோதரர்கள் தாங்கிப் பிடிக்க, கைகளை வானோக்கி உயர்த்தி, நின்று செபித்தபடியே உயிர்விட்டார் என்கிறார் கிரகோரியார். ஒரு காலத்தில் சகோதரர்களின் கைகள் அவருக்கு நஞ்சை நீட்டின. இப்போது சகோதரர்களின் கைகளே அவரைத் தாங்கின.

1964ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல், இவரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். ஆனால் இவரிடம் கற்றுக்கொள்ள நாம் மோந்தே காசினோவுக்குப் போக வேண்டியதில்லை. நம் குடும்பம் போதும், நம் அன்பியம் போதும். அன்பியக் கூட்டத்தில் ஒருமுறை மனம் புண்பட்டதால் அந்தப் பக்கமே போகாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்று இரவு குடும்பச் செபத்தில் அந்த மன்னிப்பின் வரிக்கு வரும்போது, சற்று நிறுத்தி, ஒருவருடைய பெயரை மனதுக்குள் சொல்லிவிட்டுத் தொடர்வோம்.