துன் வீ. தி. சம்பந்தன்



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், துன் சம்பந்தன் என்பவர் யார் என்று கேட்டேன். மோனோரயில் ஸ்டேஷன் என்று ஒரு பையன் சட்டென்று சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதிலும் தப்பில்லை. கிள்ளானில் ரயில் ஏறி கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினால், பிரிக்பீல்ட்ஸில் ஸ்டேஷனுக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய மனிதரை அறியாமல் நம் பிள்ளைகள் வளரலாமா? அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

அவர் தகப்பனார் வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்தவர். பாடுபட்டு, பேராக்கில் சொந்தமாக ரப்பர் தோட்டம் வாங்கும் அளவுக்கு உயர்ந்தார். மகன் திருஞானசம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். குவாலா கங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும், பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1948இல், சரியாக அவருடைய பிறந்த நாளன்று, அதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு அவசரகாலம் வந்தது. தோட்டத்து ஜனங்கள் முள்வேலிக்குள் அடைபட்ட காலம் அது. அந்த ஊரிலேதான் 1954இல் அவர் முயற்சியால் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி எழும்பியது.

அந்நாளில் நாட்டின் சட்டங்களைச் செய்தது கூட்டரசுச் சட்டமன்றம். 1948இல் அது அமைந்தபோது 75 உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருவர்கூட மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்ல. தலைமை நாற்காலியில் ஆங்கிலேய ஹை கமிஷனர். பால் மரம் வெட்டுகிறவனுக்கு அங்கே என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது.

1955 ஜூலை 27இல்தான் முதல் பொதுத் தேர்தல். 52 இடங்களுக்கு ஓட்டு, மற்ற 46 பேர் நியமனம். கூட்டணி 51 இடங்களைப் பிடித்தது. அதில் ம.இ.கா.வுக்கு இரண்டு: பத்து பகாட்டில் செல்வசிங்கம் மெக்கிந்தையர், வட கிந்தாவில் சம்பந்தன். இரண்டுதானா என்று கேட்காதீர்கள். ஜனத்தொகையில் நாம் நூற்றுக்குச் சுமார் 11 பேர். வாக்காளர் பட்டியலிலோ, மற்றச் சிறு இனத்தாரையும் சேர்த்தே 5 பேர்கூட இல்லை. நம்மில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர்கள். தமிழர் ஓட்டை மட்டும் நம்பி யாரும் ஜெயித்திருக்க முடியாது.

அவ்வாண்டுதான் அவர் ம.இ.கா. தலைவரானார். துங்குவின் மந்திரி சபையில் ஒரே இந்தியர் அவர். தொழிலாளர் இலாகா அவரிடம். நிதியும் பாதுகாப்பும் அப்போதும் வெள்ளைக்காரர் கையில்தான்.

அந்த மன்றத்தில் நடந்த ஒரு காரியம் நம் பள்ளியையே தொட்டது. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் சொல்லித் தரும் தேசியப் பள்ளியே போதும் என்றது. 1952இல் வந்த சட்டமும் அந்த வழியில் போனது. தமிழ்ப்பள்ளிக்கு அதிலே இடமில்லை. பிறகு 1956இல் ரசாக் அறிக்கையும், அதையொட்டி 1957இல் கல்விச் சட்டமும் வந்தன. தமிழ் ஆரம்பப் பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் சேர்ந்தன. இது ஒருவர் சாதித்தது அல்ல; ஆனால் மந்திரி சபையில் அப்போது நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

சுதந்திரம் வந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு மலாய்ப் பரீட்சை இல்லாமலே குடியுரிமைக்கு மனுப் போட ஓராண்டுச் சலுகை கிடைத்தது. ம.இ.கா.காரர்கள் தோட்டந்தோட்டமாகப் போய் மனு எழுதினார்கள். எழுதியவர் பிழைத்தார், எழுதாதவர்? என் தாத்தா இந்த மண்ணில் பிறந்தவர். அடுத்த மாதம் பார்ப்போம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டுவிட்டாராம். கடைசி வரை சிவப்பு அடையாளக் கார்டுதான். இன்றும் பத்திரம் எடுக்காமல் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வருகிறது.

சம்பந்தன் அதன் பின் சுகாதார மந்திரியாகவும், நீண்ட காலம் பொதுப்பணி, தபால், தந்தி மந்திரியாகவும் இருந்தார். அதையெல்லாம் விரித்து எழுத இடமில்லை. தோட்டத்து ஜனங்கள் அவரை மறக்காததற்குக் காரணம் வேறு. சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. சட்டை துணியோடு ரோட்டுக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ! மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் இது தீராது என்று கண்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார். அப்போது பத்து வெள்ளி லேசான காசா? மளிகைக் கடைப் பாக்கி நிற்கும் வீட்டில் அதை எடுத்து வைப்பது எவ்வளவு பாடு! ஆனாலும் கட்டினார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது. மேலும் பல தோட்டங்கள் பின்னால் வந்தன.

1973இல் கட்சித் தலைமையை விட்டு விலகினார். அடுத்து வந்தவர் நம் கிள்ளான் தொகுதியின் வீ. மாணிக்கவாசகம். 1979 மே 18ஆம் நாள், அறுபது வயது நிறையும் முன்பே, துன் சம்பந்தன் காலமானார். குடியுரிமை மனுவைத் தள்ளிப்போட்ட என் தாத்தா, இந்தப் பத்து வெள்ளியை மட்டும் ஒரு மாதமும் தள்ளிப்போடவில்லை என்று பாட்டி சொல்வார்.