அண்டை விண்மீனைக் காட்டிய அறிஞர் பர்னார்டு

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், இயற்பியல் துறை

இரவில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். பளிச்சென்று தெரியும் விண்மீன்கள் நமக்கு அருகில் இருப்பவை என்றும், மங்கலாகத் தெரிபவை தொலைவில் இருப்பவை என்றும் எண்ணிக் கொள்கிறோம். உண்மை அப்படி அன்று. மார்கழித் திங்களில் நாம் போற்றும் திருவாதிரை விண்மீன் செந்நிறமாகச் சுடர்விடுகிறது. அது பல நூறு ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு மாபெரும் விண்மீன். ஆறே ஒளி ஆண்டுத் தொலைவில் இன்னொரு செந்நிற விண்மீன் இருக்கிறது. அதை வெறுங்கண்ணால் ஒருவராலும் காண முடியாது. ஆல்பா சென்டாரி என்னும் மும்மீன் குடும்பத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், நம் சூரியனுக்கு மிக நெருங்கிய விண்மீன் அதுதான். 1916 ஆம் ஆண்டு வரை அது நம் அண்டை வீடு என்று உலகில் எவருக்கும் தெரியாது. அதைத் தெரிய வைத்தவர் அமெரிக்க வானியல் அறிஞர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு. இன்று அந்த விண்மீன் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் உறவினர் பலர். பள்ளிக்கூடமே போகாமல் பெரிய ஆள் ஆனவர்களின் கதைகளை அவர்கள் அடுக்கடுக்காகச் சொல்லுவார்கள். பர்னார்டு பள்ளிக்குச் சென்றது ஏறத்தாழ இரண்டே மாதங்கள். ஆகவே அவரையும் அந்த வரிசையில் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். முழுவதும் படித்து முடித்த பிறகு எனக்குத் தோன்றியது வேறு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இளமையும் வறுமையும்

பர்னார்டு 1857 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் மெழுகால் பூக்கள் செய்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. எழுத்தும் வாசிப்பும் தாயிடமிருந்து கிடைத்தவையே.

ஒன்பது வயதில் சிறுவன் வேலைக்குப் போனான். ஒரு புகைப்பட நிலையம். மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்கச் சூரிய ஒளியே வேண்டும். நிலையத்தின் மாடியில் இதற்கென ஒரு பெரிய கருவி இருந்தது. அதற்கு வியாழன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சூரியன் நகர நகர அந்தக் கருவியையும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நகர்த்த வேண்டும். சற்றே கண்ணயர்ந்தாலும் ஒளி விலகிப் படம் கெட்டுவிடும். முன்பு அந்த வேலைக்கு வந்த பையன்கள் வெயிலில் உறங்கிவிடுவார்களாம். பர்னார்டு உறங்கவில்லை. நாள் முழுவதும் சூரியனைப் பின்தொடர்ந்தான். அந்த நிலையத்திலேயே ஏறத்தாழ 17 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

1876 ஆம் ஆண்டு ஒருவர் அவரிடம் சிறு தொகை கடன் வாங்கி, அதற்கு ஈடாக ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். தாமஸ் டிக் என்பவர் எழுதிய வானியல் நூல் அது. அதிலிருந்த படங்களை வைத்துக்கொண்டு, தம் வீட்டுச் சன்னலுக்கு மேலே தினமும் பார்த்து வந்த விண்மீன்களின் பெயர்களை முதன்முறையாக அறிந்துகொண்டார். அதுவரை அவை அவருக்குப் பெயர் தெரியாத நண்பர்கள். அடுத்த ஆண்டே 5 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை 380 டாலர் கொடுத்து வாங்கினார். அது அவருடைய ஓராண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! தாயைக் காப்பாற்ற வேண்டிய ஓர் இளைஞன் செய்யக்கூடிய செலவா அது என்று அக்கம் பக்கத்தில் கேட்டிருக்க மாட்டார்களா?

கேட்கத் தகாத அறிவுரை

அதே 1877 ஆம் ஆண்டு நாஷ்வில் நகரில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் மாநாடு கூடியது. சைமன் நியூகோம் என்னும் பெரும் வானியல் அறிஞர் வந்திருந்தார். இருபது வயதுகூட நிரம்பாத பர்னார்டு அவரை அணுகி, என் சிறிய தொலைநோக்கியால் நான் என்ன செய்யலாம் என்று கேட்டார். கணிதம் தெரியாமல் வானியலில் பயனில்லை, முதலில் தொலைநோக்கியை எடுத்து வைத்துவிட்டுக் கணிதம் படி என்னும் கருத்தில் அறிஞர் விடை சொன்னார். இளைஞர் தனியே போய் அழுதார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். வீட்டில் வழிகாட்ட யாருமில்லாத பிள்ளைக்கு இப்படியொரு சொல் எப்படித் தைத்திருக்கும் என்பது எனக்குப் புரியும். மனம் ஒடிந்து விட்டுவிடுவது ஒரு வழி. பெரியவருக்கு என்ன தெரியும் என்று வீம்பு பிடிப்பது இன்னொரு வழி. பர்னார்டு இரண்டையும் செய்யவில்லை. தம் சொற்பச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து ஓர் ஆசிரியரை அமர்த்திக் கணிதம் கற்கத் தொடங்கினார். ஆனால் தொலைநோக்கியையும் மூடி வைக்கவில்லை! பகலில் வேலை, மாலையில் கணக்கு, இரவில் வானம்.

1881 இல் ரோடா கால்வெர்ட் என்னும் பெண்மணியை மணந்தார். அக்காலத்தில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டுபிடிப்போருக்கு வார்னர் என்னும் செல்வர் 200 டாலர் பரிசு அளித்து வந்தார். பர்னார்டு வால்மீன்களைத் தேடலானார். கிடைத்த பரிசுகளைக் கொண்டு சிறு வீடு ஒன்றைக் கட்டி, அதன் கடனையும் அடைத்தார். ஊரார் அதற்கு வால்மீன் வீடு என்றே பெயரிட்டனர்.

1883 ஆம் ஆண்டு நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவருக்கு உதவித்தொகை தந்து, தன் வானாய்வுக் கூடத்தின் பொறுப்பையும் ஒப்படைத்தது. 25 வயதில், மணமான பின், தம்மைவிட இளையோருடன் வகுப்பில் அமர்ந்து படித்தார். 1887 இல் கணிதத்தில் தேர்ச்சி பெற்று வெளியேறினார்.

மலைமேல் ஓர் உழைப்பு

1888 இல் கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலைமீது லிக் வானாய்வுக் கூடம் திறக்கப்பட்டது. பர்னார்டு அங்கே சேர்ந்தார். அங்கிருந்த 36 அங்குலத் தொலைநோக்கி அப்போது உலகிலேயே பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கி. தொடக்க ஆண்டுகளில் அதைத் தொட அவருக்கு வாய்ப்பில்லை. 1892 இல்தான் வாரத்தில் ஒரே ஓர் இரவு, வெள்ளிக்கிழமை, ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் வெள்ளி இரவில் வியாழனின் ஐந்தாவது துணைக்கோளைக் கண்டார். 1610 இல் கலீலியோ நான்கு துணைக்கோள்களைக் கண்டபின் 282 ஆண்டுகளாக எவரும் அங்கே புதிதாக ஒன்றையும் கண்டதில்லை. அமால்தியா எனப்படும் அத்துணைக்கோளே, நிழற்படத்தின் துணையின்றி நேரடியாகக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கப்பட்ட கடைசித் துணைக்கோள்.

லிக் கூடத்தில் அவர் பயன்படுத்திய மற்றொரு கருவியைச் சொல்ல வேண்டும். புகைப்பட நிலையங்களில் ஆட்களைப் படமெடுக்கச் செய்த பழைய வில்லைதான் அது. அதைக் கொண்டு பால்வெளி மண்டலத்தைப் படமெடுத்தார். ஒரு தட்டில் மங்கலான விண்மீன்கள் பதிய மணிக்கணக்கில் ஒளி விழ வேண்டும். அதுவரை வழிகாட்டும் விண்மீனை நூலிழைகளின் குறுக்கிலிருந்து விலகாமல் கையாலேயே பிடித்து வைக்க வேண்டும். நாஷ்வில் மாடியில் பகலவனைப் பின்தொடர்ந்த அதே வேலை, இப்போது இரவில், குளிரில்.

1895 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகி, விஸ்கான்சின் மாநிலத்தில் அமைந்த யெர்க்ஸ் வானாய்வுக் கூடத்துக்குச் சென்றார். விண்மீன்களே இல்லாத ஓட்டைகள் போல வானில் தெரியும் கரிய பகுதிகளை ஆராய்ந்தார். அவை வெற்றிடங்கள் என்று முதலில் எண்ணியவர், பல்லாண்டுப் படங்களை ஒப்பிட்டபின், பின்னால் உள்ள ஒளியை மறைக்கும் மேகங்கள் பல அவற்றில் உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். 1919 இல் 182 கரிய பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார்.

1916: இரண்டு தட்டுகள்

1894 இல் எடுத்த ஒரு தட்டையும் 1916 இல் எடுத்த ஒரு தட்டையும் பர்னார்டு அருகருகே வைத்துப் பார்த்தார். ஓபியூக்கஸ் என்னும் விண்மீன் கூட்டத்தில் ஒரு மங்கலான புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. ஆண்டுக்கு 10.3 விகலை. வானில் முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 1,800 விகலை. ஆகவே இவ்விண்மீன் நிலவின் அகலத்தைக் கடக்க 175 ஆண்டுகள் ஆகும். இது ஒரு வேகமா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் வானில் இதைவிட விரைவாக இடம் மாறும் விண்மீன் வேறு எதுவும் இன்றுவரை காணப்படவில்லை.

சாலையோரம் நிற்பவனுக்கு, அருகே போகும் வண்டி விரைவதாகவும் தொலைவில் போகும் வண்டி ஊர்வதாகவும் தெரியும். ஆகவே இவ்வளவு நகரும் விண்மீன் அருகில்தான் இருக்க வேண்டும் என்பது ஊகம். அளந்து பார்த்ததில் ஊகம் உண்மையாயிற்று. அதன் தொலைவு 5.96 ஒளி ஆண்டு. அது சூரியனின் நிறையில் ஆறில் ஒரு பங்கே கொண்ட செங்குறுமீன். தன் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவதால் சூரிய ஒளியில் ஆயிரத்தில் நான்கு பங்குகூட அதற்கு இல்லை. இப்போது நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கி வருகிறது. இன்னும் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளில் 3.75 ஒளி ஆண்டுத் தொலைவுக்கு வந்து, பிறகு விலகிச் செல்லும்.

நம் அண்டை அயலில் உள்ள விண்மீன்களில் பெரும்பாலானவை இத்தகைய செங்குறுமீன்களே. 4.24 ஒளி ஆண்டில் பிராக்சிமா, 7.9 இல் உல்ப் 359, 8.3 இல் லாலாண்டு 21185 என்று வரிசையாக இருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

1923 பிப்ரவரி 6 ஆம் நாள் பர்னார்டு காலமானார். அவர் பணி அத்துடன் முடியவில்லை. பால்வெளி நிழற்படத் தொகுப்பு ஒன்றின் 700 பிரதிகளுக்கென அச்சிட்ட 35,700 நிழற்படங்களையும் அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தார். எட்வின் பிராஸ்ட் என்பவரும், பர்னார்டின் மனைவி வழி உறவினரான மேரி கால்வெர்ட்டும் அதை முடித்து 1927 இல் வெளியிட்டனர். பர்னார்டுக்குப் பின் யெர்க்ஸ் கூடத்துக்கு வந்த பிராங்க் ராஸ், பர்னார்டு எடுத்த அதே பகுதிகளை மீண்டும் படமெடுத்துப் பழைய தட்டுகளுடன் ஒப்பிட்டார். இவ்வாறு கிடைத்தவையே ராஸ் 154, ராஸ் 248, ராஸ் 128 என்னும் அண்டைச் செங்குறுமீன்கள். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர்.

பர்னார்டு விண்மீனுக்குக் கோள் ஒன்று உண்டென்று பீட்டர் வான் டி காம்ப் 1963 இல் அறிவித்தார். 1973 இல் வேறு கூடங்களின் தட்டுகளை அளந்தவர்கள் அப்படி ஒன்றைக் காணவில்லை. 2024 இல் சிலி நாட்டிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கியால், 3.15 நாளில் அவ்விண்மீனைச் சுற்றும் சிறு கோள் ஒன்று கண்டறியப்பட்டது. 2025 இல் கோள்கள் நான்கு என்பது உறுதியாயிற்று. நான்கும் பூமியைவிடச் சிறியவை.

முடிவுரை

பள்ளிக்கூடம் போகாமலே பெரியவர் ஆனவர் பர்னார்டு என்று சொல்வது பாதி உண்மைதான். அவருக்குப் பள்ளி மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதை அவர் வாழ்நாள் முழுவதும் தேடினார். பணம் கொடுத்துக் கணிதம் கற்றார். குடும்பஸ்தரான பின்னும் மாணவராக அமர்ந்தார். படிப்பு வேண்டாம் என்பதற்கு அவர் சான்று அல்லர். படிப்பை எந்த வயதிலும் தேடிப் போகலாம் என்பதற்கே சான்று. மாடியில் வெயிலில் நின்ற 17 ஆண்டுகள் அவருக்குப் பொறுமையைக் கொடுத்தன என்பது மெய். ஆனால் அந்த ஆண்டுகளில் பள்ளியும் கிடைத்திருந்தால் அவர் குறைந்தா போயிருப்பார்? வறுமையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாக இங்கே வந்திருக்கிறோம். செய்முறைக் கூடத்தில் ஒரே அளவை மூன்று முறை எடுக்கச் சொன்னால் நமக்கு அலுப்பாக இருக்கிறது. 1894 இல் எடுத்த தட்டு 22 ஆண்டுகள் காத்திருந்துதான் தன் பொருளைச் சொன்னது. நாம் இன்று ஒழுங்காக எழுதி வைக்கும் ஓர் அளவு யாருக்கு, எப்போது பயன்படும் என்று நமக்குத் தெரியாது. அதற்காக அதை எழுதாமல் விடலாகாது. அடுத்த முறை உறவினர் யாராவது படிக்காதவர் கதையை எடுத்தால், நான் பர்னார்டின் கதையை முழுவதுமாகச் சொல்லப் போகிறேன்.