வணிகர் சிதம்பரனார்

வ. உ. சிதம்பரம்பிள்ளை என்னும் பெயரைக் கேட்ட அளவில் நம்மவர் உள்ளத்திலே தோன்றுவன செக்கும் சிறையுமே. தேசபக்தர் என்ற வகையில் அவரைப் போற்றாதார் இலர். ஆயின் அவர் ஒரு வணிகருமாவர். பத்து இலட்சம் ரூபா மூலதனத்திலே கப்பற் கம்பனி ஒன்றைத் தோற்றுவித்தவரும் அவரே. பின்னாளிலே சிறு கடை வைத்து அன்றாடச் சீவனத்துக்கு அல்லலுற்றவரும் அவரே. பெருவணிகத்தின் உயர்வையும் சிறுவணிகத்தின் இடரையும் ஒருங்கே பட்டறிந்த இத்தகையார் அரியர். நம் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் யாவரும் அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்பவரல்லர். கல்முனைக் கடைத்தெருவிலும், மருதமுனைத் தறிகளிடையேயும், சம்மாந்துறை நெல் வியாபாரத்திலும் தம் வாழ்வை அமைத்துக்கொள்பவர் பலர். அன்னார்க்குப் பயன்படுமாறு, சிதம்பரனாரின் வாழ்க்கையை வணிகக் கண் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஓட்டப்பிடாரத்திலே பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளை வழக்கறிஞர்; தாயார் பரமாயி அம்மையார். ஊரிலே தமிழைக் கற்றபின், தூத்துக்குடியிலும் திருநெல்வேலி இந்துக் கல்லூரியைச் சேர்ந்த உயர்தரப் பாடசாலையிலும் பயின்றார். இந்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் அவர் என்பது நமக்கு உவகை தருவதாகும். பின்னர்ச் சட்டம் பயின்று, தந்தையாரைப் பின்பற்றி வழக்கறிஞரானார். 1900ஆம் ஆண்டளவிலே தூத்துக்குடிக்குச் சென்று தொழில் நடத்தலானார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்காலத்தில் ஆளும் பொருளும் ஓயாது சென்று வந்தன. அக்கடல் வழி பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியின் கைக்குள்ளே இருந்தது. கூலியை அக்கம்பனியே வகுத்தது. வணிகர் அதற்குப் பணிந்தனர். 1905இல் வங்காளப் பிரிவினையையொட்டிச் சுதேசி இயக்கம் எழுந்தபோது, அந்நியத் துணியைத் தீயிலிடுவதுடன் சிதம்பரனார் அமைந்தாரல்லர். மக்களுக்கு வேண்டும் பொருளை நாமே ஆக்கி நாமே விற்றலன்றோ சுதேசியம் என்று எண்ணினார். நெசவுசாலை ஒன்றும் பண்டகசாலை ஒன்றும் அவர் முயற்சியால் எழுந்தன. சிறியனவற்றிலே கை பழகிய பின்னரே அவர் பெரியதைத் தொட்டார்.

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பற் கம்பனி சட்டப்படி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. செல்வர் ஒருவரை அணுகி முழுப் பொருளையும் கடனாகப் பெறாது, நடுத்தரக் குடும்பத்தவரும் சேரக்கூடியவாறு பங்கின் விலையை அமைத்த நுட்பம் கருதத்தக்கது. பங்கு வாங்கியவன் கம்பனியைத் தன்னதென்று கருதுவான். தன் சரக்கையும் அதன் கப்பலிலேயே ஏற்றுவான். மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர் கம்பனியின் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாவுக்கு ஏற்றுச் செயலாளரானார். சிதம்பரனாரோ உதவிச் செயலாளர் பதவியோடு அமைந்தார். தாம் தோற்றுவித்த நிறுவனத்திலே முதலிடத்தைத் தாமே பற்றிக்கொள்ளாது, பொருளும் செல்வாக்கும் உடையாரை முன்னிறுத்தினார். இந்துவும் முஸ்லிமும் ஒரே கணக்கேட்டிலே நம்பிக்கையோடு பெயர் பதித்த இச்செய்தி, இரு சமூகத்தவரும் அருகருகே வாழும் நம் கரையினர்க்குச் சிறப்பாக நினைவுகூரத்தக்கதன்றோ?

கம்பனி தோன்றியபோது அதற்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் என்னும் கம்பனியிடமிருந்து வாடகைக்குக் கப்பல் பெற்று ஓட்டினர். போட்டியாளரோ ஷாலைன் கம்பனியை நெருக்கி, அவ்வாடகை உடன்பாட்டை முறித்துவிட்டனர். சிதம்பரனார் உடனே கொழும்பிலிருந்து கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி வாக்கைக் காப்பாற்றினார். எனினும், பிறர் கருவியை நம்பி நிற்கும் தொழில் பிறர் விருப்பத்தால் ஒரே நாளில் நின்றுபோகும் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். கப்பலோடன்றித் திரும்புவதில்லை, இயலாதாயின் கடலிலே வீழ்ந்து மாய்வதே தக்கது என்று சூளுரைத்துச் சென்றார் என்பர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பனிக்குச் சொந்தமாயின. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளையும் நாலாயிரம் மூட்டைகளையும் தாங்கவல்லது என்பர். கடை வைப்போரும் தறி அமைப்போரும் இதனை உளங்கொள்ளல் வேண்டும். தொடக்கத்திலே வாடகைக் கருவி குற்றமன்று. ஆயின் தொழிலின் உயிர்நிலையாகிய கருவி எதுவோ, அதனை விரைந்து தனதாக்கிக்கொள்ளாதவன் நிலைத்தல் அரிது.

பின்னர் மூண்டது விலைப் போர். பிரித்தானியக் கம்பனி பிரயாணக் கூலியை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டணாவுக்கு இறங்கியது. எதிரிகள் கூலியே வாங்காது ஏற்றிச் செல்ல முன்வந்ததோடு, பிரயாணிக்குக் குடை ஒன்றும் இனாமாக வழங்கினர் என்பது இன்றும் வழங்கும் செய்தி. பல கடல்களிலே கப்பலோட்டிய பெருங்கம்பனிக்கு ஒரு வழியில் உண்டாகும் நட்டத்தை மற்றொரு வழியின் இலாபத்தால் ஈடுசெய்ய இயலும். இரண்டே கப்பலுடைய கம்பனிக்கோ அஃது இயலாது. அரசாங்க உத்தியோகத்தரும் பிரித்தானியக் கம்பனியின் பக்கமே நின்றனர். பெருமுதலாளியோடு விலைக் குறைப்பிலே பொருதல் சிறுவணிகனுக்குப் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும். அவன் வெல்லக்கூடிய களம் வேறு. சரக்கின் தரம், குறித்த நாளிற் கொடுக்கும் நேர்மை, வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் அன்பு ஆகிய இவற்றிலே பெருமுதலாளி அவனை எளிதில் வெல்லமாட்டான். சுதேசிக் கப்பல் அத்தனை நாள் ஓடியதும் மக்களின் அன்பினாலேயே. ஆனால் அன்பு மட்டும் நிலக்கரி வாங்கித் தராது. சேமநிதி இல்லாத தொழில் நெடும்போருக்கு ஆற்றாது.

1908ஆம் ஆண்டு தொடக்கத்திலே தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்று ஊதிய உயர்வும் வார விடுமுறையும் பெற்றுக்கொடுத்தார். அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை 7ஆம் நாள், இரு குற்றங்களுக்கும் இருபதிருபது ஆண்டுகளாக நாற்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பெற்றது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளிலே அவர் பட்ட துன்பம் நாடறிந்தது.

அவர் சிறைப்பட்டபின் கம்பனியின் நிலை யாதாயிற்று? இயக்குநர் சிலர் முன்னரே அவருடைய அரசியலை விரும்பாதிருந்தனர். அரசின் சீற்றத்துக்கு அஞ்சியவரும் இருந்தனர். ஊக்கத்தை ஊட்டியவர் ஒருவரே. அவர் நீங்கியதும் ஊக்கமும் நீங்கிற்று. 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. காலியா என்னும் கப்பல் போட்டிக் கம்பனியிடமே விலைப்பட்டது. அடக்குமுறையே இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. அதற்காக அவரைக் குறைகூறுதல் அறமன்று. எனினும், ஒருவர் தோளிலேயே முழுப் பாரமும் தங்கிய எந்தத் தொழிலும் அத்தோள் விலகியவுடன் சரியும் என்ற உண்மையை நாம் மறைத்தலாகாது. கணக்கும் கொள்முதலும் கடன்காரர் விபரமும் தன் நெஞ்சிலே மட்டும் வைத்திருக்கும் கடைக்காரன் ஒரு மாதம் நோய்ப்பட்டாற் கடையும் நோய்ப்படும். மகனையோ தம்பியையோ நம்பிக்கையான பணியாளனையோ அருகிருத்தி இன்றே பழக்குதல் வேண்டும்.

1912 இறுதியிலே சிதம்பரனார் விடுதலை பெற்றார். வழக்கறிஞர்ச் சன்னது பறிக்கப்பட்டிருந்தது, கப்பலும் இல்லை. சென்னையிலே குடும்பத்தோடு குடியிருந்து பலசரக்குக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் நடத்தினார். கப்பல் நடத்திய கை படி பிடித்தற்கு நாணவில்லை. அக்கடைகள் அவரைச் செல்வராக்கவில்லை. நண்பரின் உதவியும் வேண்டியிருந்தது. பெருந்தொழிலில் வல்லவர் சிறுதொழிலிலும் வெல்வர் என்பது நியதியன்று. ஒவ்வொரு தொழிலும் தனக்குரிய பயிற்சியை வேண்டி நிற்கும். தென்னாபிரிக்க இந்தியர் அவர் பொருட்டுத் திரட்டிய பணத்தைக் குறித்து 1915இலும் 1916இலும் காந்தியடிகளுக்குப் பல கடிதங்கள் எழுதி, ஈற்றில் 347 ரூபா 12 அணா பெற்றார். வறுமையிலும் கேட்கும் முறை பிழையாமற் கேட்டார். கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடவுமில்லை. நிலுவையைக் கேட்கத் தயங்கியே நொடித்த வணிகர் நம் ஊர்களிலும் உளர்.

வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியாற் சன்னதை மீளப் பெற்றார். அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தி, தமிழ் நூல்களை ஆராய்ந்து பதிப்பித்து, 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியிலே காலமானார். இறுதிக் காலத்தில் எழுதிய மரண சாசனத்திலே, கடைகளுக்குத் தாம் கொடுக்கவேண்டியிருந்த சிறு கடன்களையும் குறித்துவைத்தார். 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்குகின்றது. ஆயினும் அச்சிறு கடன்களின் பட்டியலே வணிகர் சிதம்பரனாரின் உண்மையான நினைவுச் சின்னம் என்று கூறுதல் மிகையாகாது.

கடலோரத்தில் வாழும் நமக்குக் கடல் வாழ்வும் தரும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கண்டவாறு, கண்ணிமைப் பொழுதில் அனைத்தையும் கொண்டும் செல்லும். ஆதலால், நம் இளைஞர் சிதம்பரனாரின் துணிவைக் கைக்கொள்ளும்போது, அவர்க்குக் காலம் வாய்க்கவிடாத சேமநிதியையும், பொறுப்பேற்கும் துணைவரையும் உடன் தேடிக்கொள்வாராக. பலர் சிறு முதலைக் கூட்டித் தொடங்குக, கணக்கை நாள்தோறும் எழுதுக, கருவியைச் சொந்தமாக்குக, கடனைக் குறித்துவைத்துத் தீர்க்குக. கப்பலாயினும் கடையாயினும் வணிகர்க்கு இவையே கரை சேர்க்கும் துடுப்புக்கள்.