விபூதிப் புதனில் தலை கொடுத்தவர்



ஓரியூருக்குத் திருயாத்திரை போய் வந்தவர்கள் உங்களில் பலர் உண்டு. அங்கேயுள்ள சிவந்த மண்ணைக் காகிதத்தில் மடித்து வந்து வீட்டில் பாடுபட்ட சுரூபத்தண்டையில் வைத்திருக்கிறீர்கள். அர்ச். அருளானந்தர் எந்த நாளில் வேதசாட்சியானார் என்று கேட்டால் நம் ஞானோபதேசப் பிள்ளைகளும் பிப்ரவரி 4 என்பார்கள். 1693-ம் ஆண்டிலே அந்த நாள் விபூதிப் புதன்கிழமையாய் இருந்தது என்பதைத்தான் அநேகர் அறியார்கள். அவ்வருஷம் பாஸ்குத் திருநாள் மார்ச் 22-ல் வந்தது; அதற்கு முந்தி அது வருவதேயில்லை. நாம் மண்ணும் தூளியும் என்று குருவானவர் நமக்கு நினைப்பூட்டும் அதே நாளிலே, பூசிக்கொள்ளச் சாம்பலுமின்றி, அவர் ஆற்றங்கரை மணலில் முழந்தாளிட்டார்.

அவர் யாரென்று சற்றே கேளுங்கள். 1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி லிஸ்பன் பட்டணத்தில், அரசனுக்கு வேண்டிய பெருங்குடியில் பிறந்தார். தகப்பனார் பிரேசில் தேசத்தில் ரியோ தெ ஜனெய்ரோவுக்கு அதிபதியாய் இருந்து அங்கேயே மரித்தார். பிள்ளை அரண்மனையில் இளவரசன் பேதுருவோடு ஒன்றாய் வளர்ந்தது. சிறு பிராயத்திலேயே கொடிய வியாதி கண்டு பிழைப்பது அரிதென்று ஆனபோது, தாயார் அர்ச். சவேரியாரிடம் நேர்ச்சை செய்தாள். பிள்ளை பிழைத்தது. நேர்ச்சைப்படி ஒரு வருஷம் சேசுசபையாரின் அங்கியை உடுத்திக்கொண்டு அரண்மனையில் நடமாடிற்று. வருஷம் முடிந்ததும் அங்கியைக் கழற்றினார்கள்; மனதில் உடுத்தியதைக் கழற்ற முடியவில்லை. 1662-ல் தம் 15-ம் வயதில் சேசுசபையில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போக உத்தரவு கிடைத்தபோது, நேர்ச்சை செய்த அதே தாயார் பாப்பரசரின் பிரதிநிதி வரையில் போய் மகனைத் தடுக்கப் பார்த்தாள். அவளைக் குறை சொல்லாதிருங்கள். ஆண்டவருக்குக் கொடுத்ததை ஆண்டவர் கேட்கும்போது நம் கை தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளுகிறது. குருமடத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார் இதை அறிவார்கள்.

1673-ல் கப்பல் ஏறினார். கோவாவில் இறங்கி, பின் மதுரை மிசியோனுக்கு வந்து, காவி உடுத்து, பண்டாரசுவாமியாகி, புலால் நீக்கி, வெறுந்தரையில் படுத்தார். தமிழ் பேசினார், அருளானந்தர் என்று பேர் கொண்டார். 1686-ல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டார். மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கயிற்றில் கட்டி நீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தார்கள். கடைசியில், இச்சீமையில் இனி வேதம் போதிக்கக்கூடாது என்று சேதுபதி கட்டளையிட்டு விடுதலை செய்தார்.

அதன்பின் மிசியோன் காரியமாய் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். கூட விளையாடிய பேதுரு இப்போது அரசன். நண்பனை அரண்மனையிலேயே நிறுத்தி, தன் பிள்ளைகளுக்குப் போதகராக்க ஆசைப்பட்டான். தாயார் இருக்கிறாள், உடம்போ பட்ட பாட்டால் நொந்திருக்கிறது. இருந்திருந்தாலும் குற்றமென்று யாரும் சொல்லார்கள். அவரோ லிஸ்பனிலும் இந்தியாவில் உண்டதுபோலவே மரக்கறி உண்டு, திரும்பிப் போகும் கப்பலையே நோக்கியிருந்தார். 1690-ல் மறுபடி இங்கே வந்தார். அந்தக் கட்டளையை மீறினால் என்ன வருமென்று தெரியாமல் வரவில்லை.

வந்தது ஒரு விவாகக் காரியத்தால். தடியத் தேவர் என்ற மறவர் குலத் தலைவர் கொடிய நோய் நீங்கி, ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவிகளை உடையவர். ஒருத்தியை மாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று சுவாமியார் கண்டிப்பாய்ச் சொல்ல, தேவரும் இசைந்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால், கண்டும் காணாததுபோல் இருந்திருந்தால், அந்தக் குருவின் தலை தப்பியிருக்கும். அவ்விதம் விட்டுக்கொடுக்கச் சொல்லி என்னிடமும் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொன்ன மறுமொழிகள் எல்லாம் தைரியமானவை என்று சொல்லத் துணியமாட்டேன்.

1693 ஜனவரி 8-ல் பிடிபட்டார். நாடுகடத்துவதாய் வெளியே சொல்லி, ஓரியூரில் கொல்ல இரகசியமாய் உத்தரவாயிற்று. பிப்ரவரி 3-ந் தேதி சிறையிலிருந்து தம் சபைக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மை கிடையாது, கரியைக் கரைத்துத் துரும்பினால் எழுதினார் என்பார்கள். அதிலே முறையீடில்லை. நெடுநாளாய் விரும்பியது நாளைக்குக் கிடைக்குமென்ற சந்தோஷந்தான் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 45. ஏறக்குறைய அதே வயதுக்காரனாகிய நான் இதை எழுதும்போது என்னையே கேட்டுக்கொள்ளுகிறேன்: இன்று இராத்திரி என் கையில் கரியும் துரும்பும் கொடுத்தால் என்ன எழுதுவேன்? பாதி முடிந்த கோவில் கணக்கைப் பற்றியா?

நம் வீடுகளில் மரணம் என்ற சொல்லையே ஒளித்து வைக்கிறோம். நோயாளி பயந்துவிடுவார் என்று அவஸ்தைப் பூசுதலுக்கு ஆள் அனுப்பாமல் தாமதித்து, நினைவு தப்பினபின் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறீர்கள். நானும் ஓடி வருகிறேன். பாவசங்கீர்த்தனம் கேட்க வாயும் செவியும் இருப்பதில்லை. அருளானந்தருக்குச் சாவு திடீரென்று வரவில்லை; கப்பல் ஏறின அன்றே அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். ஆகையால்தான் அவரால் சிரித்த முகத்தோடு உழைக்கவும் தூங்கவும் முடிந்தது.

மறுநாள் அவரைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் கூடிப் பார்த்திருக்க, செபித்து எழுந்து, கொலைஞனுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். தலையும் கைகால்களும் துண்டாயின. உடலைக் கழுவில் நட்டார்கள். 1853-ல் முத்திப்பேறும் 1947 ஜூன் 22-ல் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அவருக்குக் கிடைத்தன.

செய்தி லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது அரசன் நன்றிவழிபாடு நடத்துவித்தான். மகனைத் தடுக்க ஓடியிருந்த அந்தத் தாயார் அதற்கு வந்திருந்தாள். துக்கத்துக்குரிய கறுப்பு உடுத்தாமல், திருநாள் உடையில் வந்தாள்.